பழைய வீடுகளில் புகும் பூச்சி பொட்டுகளும் விஷ ஜந்துக்களும்

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தை அடுத்துக் கடற்கரையில் அமைந்துள்ள வீராம்பட்டினம், செங்கழுநீர் அம்மன் ஆலயத்தாலும் அதன் ஆடித் தேர்த் திருவிழாவாலும் பெயர் பெற்ற மீனவர் கிராமமாகும். காங்கிரீட் வீடுகள் பெருகிவிட்ட இக்காலத்திலும், இத்தகைய கடலோரக் கிராமங்களில் கீற்றோ நாட்டு ஓடோ வேய்ந்த பழைய வீடுகள் ஆங்காங்கே குடியிருப்பாக இருந்து வருகின்றன. அவை கோடையில் குளிர்ச்சி தருவன, காற்றோட்டம் உள்ளன. ஆனால் ஐப்பசி மழை இறங்கியதும், சுவரோரத்தில் மரவட்டை ஊர்வதும், சுருட்டிய பாயிலிருந்து பூரான் ஓடுவதும், விறகுக் கட்டையின் அடியில் தேள் கொடுக்கைத் தூக்கி நிற்பதும், ஏதேனும் ஓரிரவு பாம்பு புகுந்து வீட்டார் விளக்குடன் விழித்திருப்பதும் இவ்வீடுகளில் வழக்கமாய் இருக்கின்றன. இவற்றுள் எவை வெறும் அருவருப்பைத் தருவன, எவை உயிருக்கு ஆபத்தானவை என்று பிரித்தறிந்தாலன்றிச் செய்யும் முயற்சி வீணாகும். மரவட்டைக்கு மருந்து தெளித்துவிட்டுத் தரையில் பாய் விரித்து உறங்குவோர் பலர் உளர்.

எந்த ஜந்துவும் மனிதனைத் தேடி வீட்டுக்குள் வருவதில்லை. வீட்டில் இருக்கும் இரையைத் தேடியோ, ஈரமும் இருளும் கூடிய பொந்தை நாடியோ, வெளியே வெள்ளம் சூழ்ந்தபோது மேட்டை நாடியோ வருகின்றது. மூலையில் சிந்திய நெல்லும், மூடாது வைத்த கருவாட்டுக் கூடையும் எலியை அழைக்கின்றன. எலியின் பின்னே பாம்பு வருகின்றது. சமையலறையின் எச்சிற் பண்டம் கரப்பான் பூச்சியை அழைக்கின்றது. கரப்பான் பூச்சியின் பின்னே தேளும் பூரானும் வருகின்றன. வாயிற்படிக்கு நேர் மேலே எரியும் விளக்கு ஈசலைக் கூட்டுகின்றது. ஈசலுக்காகத் தேரை வருகின்றது. தேரையை விழுங்கப் பாம்பு வருகின்றது. ஆகையால் மழைக்காலத்தில் வெளி விளக்கை வாயிலுக்குச் சற்று எட்ட அமைப்பதும், கருவாட்டையும் தானியத்தையும் மூடியுள்ள தகரப் பெட்டியில் வைப்பதும், பழைய வலைகளைத் திண்ணையிலே குவித்து வைக்காமல் பரண் கட்டி உயர்த்தி வைப்பதும் பாம்பைத் தடியெடுத்து அடிப்பதைக் காட்டிலும் பயன் தருவனவாகும்.

அடுத்துச் செய்யவேண்டியது வீட்டைச் சுற்றி வந்து சந்துகளைப் பார்ப்பது. கூரையும் சுவரும் கூடும் இடம், கதவின் கீழ்ச் சந்து, குளியலறை நீர் வெளியேறும் துவாரம், அடித்தளத்தில் எலி தோண்டிய வளை ஆகிய நான்கிலுமே பெரும்பாலான ஜந்துக்கள் உட்புகும். நீர்த் துவாரத்துக்கு நெருக்கமான கம்பி வலை போதும். கதவின் கீழ் ஒரு சட்டத்தையோ ரப்பர் பட்டையையோ அடிக்கலாம். சுவர் விஷயத்தில் மட்டும் ஒரு தவறு எங்கும் நடைபெற்று வருகின்றது. சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய சுவரில் வெடிப்பு கண்டவுடன் அதன்மேல் சிமெண்டுப் பூச்சைப் பூசிவிடுகின்றனர். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து உறிஞ்சும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும் தன்மையது. இறுகிய சிமெண்டுப் பூச்சு அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுகின்றது. கடலோரத்தில் ஈரத்துடன் உப்பும் சேர்வதால் சில ஆண்டுகளில் பூச்சு உப்பிச் சுவரை விட்டு விலகுகின்றது. விலகிய இடைவெளி தேளுக்கு வாய்த்த மாளிகையாகின்றது. சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பு கொண்டே பழுதுபார்ப்பது நன்று.

தேள் வழவழப்பான பரப்பில் ஏற இயலாது. வெளிச்சுவரின் அடியிலும் வாயிற்படியைச் சுற்றியும் ஒரு வரிசை மெருகூட்டிய ஓட்டைப் பதித்தால் அது தக்க வேலியாகும். தேளின் உடல் புறஊதா ஒளியிலே பசுமையாக ஒளிரும். அவ்வகைக் கைவிளக்கு இப்பொழுது குறைந்த விலைக்குக் கிடைப்பதால், இரவில் வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்ப்பதற்கு அது மிக உதவுகின்றது.

கறையான் மனிதனைக் கடிப்பதன்று. எனினும் பொருள் நஷ்டத்தில் அதற்கு ஈடில்லை. கதவு, நிலை, பனங்கை என்று தொடங்கிச் சங்கத்தின் பேரேடுகள் வரை அது தின்றுவிடும். மண்ணிலிருந்து மரத்துக்கு அது மண்குழாய் கட்டிக்கொண்டே ஏறும். முன்னோர் மரத்தூணைக் கல்லின்மேல் நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்: கல்லின் மேல் ஏறும் மண்குழாய் கண்ணுக்குத் தெரியும், தெரிந்தவுடன் சுரண்டி எறியலாம். தரையோடு தரையாக வைத்த மர அலமாரியில் அது தெரிவதற்கு வழியில்லை. ஆகவே சங்க அலுவலகத்தின் அலமாரி சுவரை விட்டு ஒரு சாண் விலகியும், கற்களின்மேல் உயர்ந்தும் நிற்கவேண்டும். முற்காலத்தில் கறையானுக்காக மண்ணில் ஊற்றப்பட்ட ஆல்ட்ரின், குளோர்டேன் போன்ற மருந்துகள் நெடுங்காலம் அழியாமல் மண்ணிலும் உடலிலும் தங்குவதால், 2001-ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் விலக்கப்பட்டன. எவர் வீட்டிலேனும் பழைய டப்பா எஞ்சியிருப்பின் அதைத் திறந்து உபயோகிக்கலாகாது.

இனி, அஞ்ச வேண்டாதவற்றைக் கூறுதல் தகும். பல்லிக்கு விஷமில்லை, ஆயினும் அதன் எச்சம் விழுந்த உணவை உண்ணுதல் கூடாது. மழை நாளில் நீர்த் துவாரத்தின் வழியே நெளிந்து வரும், மண்புழுவை ஒத்த கரிய புழுப்பாம்பு எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளைத் தின்று வாழ்வது. அது காதில் புகும் என்ற அச்சம் ஆதாரமற்றது. பூரான் கடித்தால் கடுமையான வலி உண்டு. உயிர்ச்சேதம் மிக அரிது. நட்டுவாக்காலி என்னும் பெரிய கருந்தேள் தோற்றத்தால் நடுங்க வைத்தபோதிலும், சிறிய செந்தேளே அதைவிடப் பன்மடங்கு கொடியது.

செந்தேள் கொட்டிய இடத்தில் வலி மட்டும் இருந்தால் பெரியவர்களுக்கு அச்சமில்லை. வாந்தி, மிகுந்த வியர்வை, எச்சில் ஒழுகுதல், கைகால் சில்லிடுதல் ஆகியவை காணப்பட்டால் விஷம் இருதயத்தைத் தாக்குகின்றது என்று அறியவேண்டும். சிறு குழந்தைகளுக்கு இது விரைவில் நேரும். ஒரு காலத்தில் இந்நிலையை எய்தியவர்களில் பலர் மாண்டனர். மகாராஷ்டிர மாநிலம் மகாட் என்னும் சிற்றூரில் வைத்தியம் செய்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், இரத்த அழுத்தத்துக்கு வழங்கப்படும் பிரசோசின் என்ற மலிவான மாத்திரை இவ்விஷத்தின் செயலை முறிப்பதைக் கண்டு, 1986-இல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்டார். பின்னர் தேள்விஷ முறிவு மருந்தையும் அதனுடன் சேர்த்துத் தந்தால் குணம் விரைவில் ஏற்படுகின்றது என்பது 2011-இல் வெளியான பரிசோதனையால் தெரியவந்தது. பெரிய நகரத்து ஆராய்ச்சிசாலையில் அன்றி, கிராமத்து நோயாளிகளின் படுக்கையருகே பிறந்த சிகிச்சை இது.

இவ்வளவுக்கும் மேலாகக் கவனிக்கவேண்டியது கட்டுவிரியன். நம் நாட்டில் 2000 முதல் 2019 வரையுள்ள காலத்தில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் மாண்டிருப்பர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. இவர்களில் பெரும்பாலோர் கிராமத்தார். நாகம் படமெடுத்துச் சீறி எச்சரிக்கும். கண்ணாடி விரியன் குக்கரைப்போல் ஓசையிடும். கட்டுவிரியனோ ஓசையின்றி இரவில் திரிவது. தரையில் உறங்குபவரின் உடல் அதன்மேல் பட்டால் கடித்துவிட்டுச் செல்லும். கடித்த இடத்தில் வீக்கமில்லை. வலியும் அநேகமாக இல்லை. பல்லின் தடங்கூடத் தெரியாமற் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுபவருக்குச் சுக்குக் கஷாயம் கொடுத்துப் பொழுதைக் கழிக்கும் வீடுகள் உண்டு. அதற்குள் கண்ணிமைகள் தாமே சரிகின்றன, விழுங்க முடிவதில்லை, நாக்குக் குழறுகின்றது, முடிவில் சுவாசம் நிற்கின்றது. ஆகவே தரையில் படுத்தவர் அதிகாலையில் வயிற்று வலியோடு எழுந்து, இமை சரிவதாகவும் காணப்பட்டால், பாம்பை எவரும் பாராவிட்டாலும் பாம்புக்கடி என்றே கொண்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

இதைத் தடுக்கும் உபாயம் மிகச் சாதாரணமானது. கட்டிலின்மேல் உறங்குவது, கட்டிலில்லாதவர் கொசுவலையைக் கட்டி அதன் விளிம்பைப் பாயின் அடியில் நான்கு பக்கமும் செருகிவிடுவது. நேபாளத்தின் தென்கிழக்குப் பகுதியில் நடத்தப்பெற்று 2007-இல் வெளியான ஆராய்ச்சி, கொசுவலைக்குள் உறங்குவோருக்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைவதைக் காட்டியது. இறுக்கிக் கட்டிய வலை கீற்றுக் கூரையிலிருந்து விழுவதையும் தாங்கும். நாள் முழுதும் வலையோடு வாழும் ஊரில் இந்த ஒரு வலைக்கு மட்டும் ஏனோ சோம்பல் மிகுந்திருக்கின்றது. பின்னிரவில் கடலுக்குச் செல்வோர் கைவிளக்கின்றி வீட்டைவிட்டு இறங்குதல் கூடாது.

கார்பாலிக் அமிலத்தைத் தெளித்தால் பாம்பு வராது என்பதும், சிறியாநங்கைச் செடி வீட்டைக் காக்கும் என்பதும் நம்பத்தக்கவை அல்ல. முதலாவது குழந்தைகளின் தோலைப் பொசுக்கவும் கூடும். கடித்த இடத்தைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுக்கிக் கட்டுதல் ஆகிய மூன்றும் தீங்கு விளைப்பன. கடியுண்டவரை நடக்கவிடாமல், கடியுண்ட அங்கத்தைச் சட்டம் வைத்து அசையாமல் கட்டி, 108 வண்டியிலோ கிடைத்த வாகனத்திலோ ஏற்றுதல் வேண்டும். புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் ஆஸ்பத்திரியில் இதற்கான சிகிச்சை உண்டு. பாம்பைக் கொன்று எடுத்துச் செல்லும் வேலை வேண்டாம். அதனால் இரண்டாவது ஆள் கடிபடுவதே மிச்சம். விஷத்தின் அளவு பாம்பைப் பொறுத்ததாதலால், குழந்தைக்கும் பெரியவருக்கும் முறிவு மருந்தின் அளவு ஒன்றே. குழந்தைக்குக் குறைத்துக் கொடுக்கும்படி வைத்தியரை வேண்டுதல் தவறு.

அந்த முறிவு மருந்துக்கு மூலமாகிய விஷத்தின் பெரும்பகுதி ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உழைப்பால் கிடைக்கின்றது என்பதை அங்கத்தினர் அறிதல் நன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் இருளர்களின் தொழிலை நிறுத்தின. அவர்கள் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே வடநெம்மேலியில் உள்ள இச்சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கையும் உயிரோடு பிடித்து, சில வாரங்கள் மண்பானைகளில் வைத்து விஷமெடுத்தபின் காட்டில் விட்டுவிடுகின்றது. அவ்விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி அதன் இரத்தத்திலிருந்து மருந்து தயாரிக்கப்படுகின்றது. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

சிறு சங்கங்கள் பாம்பு பிடிக்க வேண்டியதில்லை. ஆனி மாதத்திலேயே கொசுவலை, கைவிளக்கு, நீற்றிய சுண்ணாம்பு, கம்பிவலை ஆகியவற்றை மொத்தமாகக் கொள்முதல் செய்து அங்கத்தினருக்குத் தவணையில் கொடுக்கலாம். தனித்தனியே வாங்குவதைவிட விலை குறையும். கட்டிலில்லாத வீடுகளின் பட்டியலை நிர்வாகக் குழு முதலில் எடுத்து, அவ்வீடுகளுக்கு வலையை முன்னதாக அளிப்பது பொருந்தும். இரவில் வண்டி தரக்கூடிய அங்கத்தினரின் பெயரும், பாம்பு பிடிக்கத் தெரிந்தவரின் தொலைபேசி எண்ணும், 108-உம் எழுதிய அட்டையொன்று ஒவ்வொரு வீட்டுக் கதவின் உட்புறத்திலும் ஐப்பசிக்கு முன்பே ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.