பைக்கு முன்னால் பிடியைப் பாருங்கள்

சிங்கம்புணரியில் ஹேண்டில்பாரில் எதையும் மாட்டாமல் போகிற சைக்கிளைப் பார்ப்பது அபூர்வம். தூக்குவாளி, வயர்கூடை, மஞ்சப்பை. சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர் என்றால் பக்கத்துக்கு ஒரு பை. ஊருக்குள் அது போதும். திருப்பத்தூர், குன்றக்குடி, காரைக்குடி என்று நூறு, இருநூறு கிலோமீட்டருக்குக் கிளம்புகிறவர்களுக்குப் போதாது. தொங்குகிற பை ஆடும். ஆடுகிற பை ஏதாவது ஒரு வேகத்தடையில் ஸ்போக்ஸ் கம்பிக்குள் நுழையும். முன்சக்கரம் அப்படிச் சிக்கி நின்றுவிட்டால், ஓட்டுகிறவர் ஹேண்டில்பாரைத் தாண்டித்தான் விழுவார். ஆகவே நெடுந்தூரத்துக்கென்றே தைத்த, ஆடாமல் நிற்கிற முன்பை ஒன்று வேண்டும். எதை வாங்கலாம் என்று கேட்டு வரும் இளைஞர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்குத் தெளிவானவற்றை இங்கே எழுதுகிறேன்.

எல்லாரும் முதலில் லிட்டர் கணக்கைத்தான் கேட்கிறார்கள். ஐந்தா, ஏழா, பத்தா என்று. நான் திருப்பிக் கேட்பது வேறு: வண்டியை விட்டு இறங்காமல் உங்கள் கைக்கு என்னென்ன வேண்டும்? அவ்வளவுதான் முன்பை. மற்றதெல்லாம் பின் கேரியருக்கோ, ஃப்ரேமின் முக்கோணத்துக்குள் மாட்டும் பைக்கோ போகட்டும். என் முன்பையில் போன், கொஞ்சம் சில்லறை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கடலை உருண்டை, ஒரு துண்டு, மழைச்சட்டை இருக்கும். கார்த்திகையிலிருந்து மாசி வரை பைனாகுலரும் சேரும். 1977-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் நம் பக்கத்தில்தான் இருக்கின்றன. அங்கே இறங்கி, பின்பையை அவிழ்த்து, பைனாகுலரைத் தேடி எடுப்பதற்குள் கரையோரத்துப் பறவை எழும்பிவிடும். வாழைப்பழத்தை மட்டும் முன்பையில் வைக்காதீர்கள். ஹேண்டில்பார் அதிர்வில் ஒரு மணி நேரத்தில் கூழாகிவிடும். தேன்குழலும் தூளாகும். கடலை உருண்டையும் அதிரசமும் தாங்கும்.

பூட்டு, பம்பு, ஸ்பானர், மாற்று டியூப் போன்ற கனமான சாமான்களை முன்னால் போடக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹேண்டில்பாரில் ஏற்றும் எடை, நீங்கள் திருப்பும்போதெல்லாம் கூடவே திருப்பவேண்டிய எடை. நேராகப் போகிறோம் என்று நாம் நினைக்கும்போதுகூடக் கைகள் இம்மி இம்மியாகத் திருத்திக்கொண்டேதான் இருக்கின்றன. எடை கூடக் கூட, அது ஸ்டெம்மை விட்டு முன்னால் தள்ளி நிற்க நிற்க, அந்தத் திருத்தம் தாமதமாகும். மெதுவாக ஏற்றம் ஏறும்போது முன்சக்கரம் தானாகவே ஒரு பக்கம் சாயப் பார்க்கும். இறக்கத்தில் வேகம் கூடினால் சில வண்டிகள் ஹேண்டிலோடு நடுங்கத் தொடங்கும். பிரான்மலை அடிவாரம் வரை போய்த் திரும்பினாலே இந்த வித்தியாசம் கைக்குத் தெரிந்துவிடும்.

பாம்பனில் இது இன்னும் நன்றாகத் தெரியும். தேவகோட்டை, ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம் போகிறவர்கள் 1988-ல் திறந்த அந்தச் சாலைப்பாலத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கடற்காற்றைப் பக்கவாட்டில் வாங்கவேண்டும். அகலமும் உயரமுமான பெட்டிப்பை முன்னால் இருந்தால் காற்று அதைப் பிடித்து ஹேண்டிலையே திருப்பப் பார்க்கும். பக்கத்தில் பஸ் கடக்கும்போது காற்று ஒரு கணம் அடைபட்டு மறுபடி அடிக்கும். அந்த நேரத்தில் இரண்டு கையும் ஹேண்டிலில் இருந்தே ஆகவேண்டும். கடற்கரைப் பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு நான் சொல்வது சின்னப் பை.

பிரெஞ்சுக்காரர்கள் பெரிய முன்பை வைத்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1891-ல் பந்தயமாகத் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் இன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 1200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். தமிழ்நாட்டிலிருந்தும் போய் முடித்து வந்திருக்கிறார்கள். அங்கே பழைய பாணி வண்டிகளில் பெரிய பை ஹேண்டில்பாரில் தொங்குவதில்லை. முன் மட்கார்டுக்கு மேலே ஒரு சின்னக் கேரியர் வைத்து அதில் உட்காரவைக்கிறார்கள். எடை கீழே இறங்கிவிடுகிறது. ஃபோர்க்கின் வளைவையும் அந்த எடையை மனதில் வைத்தே அமைக்கிறார்கள். நம் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான வண்டிகள் அப்படிச் செய்யப்பட்டவை இல்லை. பையை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டால் கணக்கு சரியாக வராது.

இனி பிடி. கடையில் எல்லாரும் பையின் துணியைத் தடவிப் பார்க்கிறார்கள், ஜிப்பை இழுத்துப் பார்க்கிறார்கள். நான் முதலில் புரட்டுவது பின்பக்கத்தை. பையை ஹேண்டில்பாரோடு சேர்க்கும் பிடி எது, அது எத்தனை கிலோ தாங்கும் என்று பார்ப்பேன். அட்டையில் எழுதியிருக்கும். ஜெர்மனியின் ரிக்சன் கவுல் செய்யும் கிளிக்ஃபிக்ஸ் பிடிக்கு 7 கிலோ வரம்பு. பல பிடிகளுக்கு 5 கிலோ, வெல்க்ரோ பட்டையில் கட்டும் சின்னப் பைகளுக்கு அதிலும் குறைவு. பையின் எடையும் அந்த வரம்புக்குள்தான் சேரும். நம் கிராமச் சாலைகளில் வெள்ளைக்கோடு போடாத வேகத்தடைகள் எத்தனை என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் பிடி ஒரு குத்து வாங்கும். அதனால் எழுதியிருக்கும் வரம்பில் பாதிதான் நான் ஏற்றுவேன். இரண்டரை கிலோவுக்கு மேல் முன்னால் வைக்கவேண்டிய தேவை எனக்கு வந்ததே இல்லை.

ஹேண்டில்பாரின் தடிமன் இன்னொரு விஷயம். பிடி மாட்டும் இடத்தில் சிலவற்றில் 25.4 மில்லிமீட்டர், இப்போது வரும் பலவற்றில் 31.8. ஒன்றுக்கானது மற்றொன்றில் இறுகாது; ரப்பர் துண்டைச் சுற்றி இறுக்கினால் சில நாளில் பை மூக்கைக் கீழே போட்டுவிடும். கார்பன் ஹேண்டில்பார் வைத்திருப்பவர்கள் தயாரித்தவர் அனுமதித்திருந்தால் மட்டும் பிடி மாட்டுங்கள். பள்ளத்தூர் முருகப்பா குடும்பம் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் வண்டிகள் இன்னும் நம் தெருக்களில் ஓடுகின்றன. அந்தப் பழைய ராட் பிரேக் வண்டிகளில் பிரேக் கம்பி ஹேண்டிலுக்குக் கீழேயே ஓடுவதால் இந்தப் பிடிகள் உட்காராது. அவற்றுக்கு முன்னால் ஒரு சின்னக் கேரியர் வைத்து, பையை அதில் இறுக்கிக் கட்டுவதே நல்லது.

கட்டுவது என்றதும் எங்கள் ஊர்க் கை கயிற்றைத் தேடும். சிங்கம்புணரி என்றாலே கயிறுதானே. ஆனால் நார்க்கயிறு இந்த வேலைக்கு ஆகாது. ஓட்டத்தின் அதிர்வில் நார் துணியை அறுத்துக்கொண்டே இருக்கும், ஃப்ரேமின் பெயின்டையும் சுரண்டிவிடும். பக்கிள் வைத்த நைலான் பட்டை போதும். பட்டையோ கேபிளோ உரசும் இடத்தில் பழைய டியூபை வெட்டி ஒட்டிவிடுங்கள்.

பெட்டிப்பையில் மூடியின் கீல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். நம்மை விட்டு எட்டத்தில், அதாவது முன்பக்கம் இருக்கவேண்டும். அப்போது திறந்தால் உள்ளே உள்ளது நம் கைக்கு நேராக வரும், எதிர்காற்று மூடியை மூடத்தான் பார்க்கும். படுக்கை, கூடாரம் என்று எடை குறைந்த, இடம் அடைக்கும் சாமான் கொண்டுபோகிறவர்களுக்கு இரண்டு முனையும் சுருட்டி மூடும் உருளைப்பை சரி; ஆனால் அதை ஓட்டிக்கொண்டே திறக்க முடியாது. வளைந்த ஹேண்டில் உள்ளவர்கள் இரண்டு வளைவுக்கும் நடுவில் உள்ள இடத்தை டேப் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். ஸ்டெம் ஓரம் மாட்டும் கிண்ணம் போன்ற சின்னப் பையும் உண்டு. அதில் ஒரு தண்ணீர் பாட்டில் நிற்கும். கையெட்டும் தூரத்தில் தண்ணீர் இருந்தால் அடிக்கடி குடிப்போம், நம் வெயிலுக்கு அது பெரிய உதவி.

வெயில் பற்றிக் கடைக்காரர்கள் யாரும் சொல்வதில்லை. சேவுகப்பெருமாள் கோயில் வைகாசித் திருவிழா சமயத்து மத்தியான வெயிலில் கறுப்புப் பைக்குள் கை விட்டுப் பார்த்தால் தெரியும். பவர் பேங்கை அதற்குள் போட்டு மணிக்கணக்கில் ஓட்டுவது பேட்டரிக்குக் கெடுதல். மூடிமேல் வரும் கண்ணாடி உறையில் போனை வைத்தால், சூடு தாங்காமல் திரை மங்கும், பிறகு அணைந்தே போகும்; வழி பார்க்கவேண்டிய நேரத்தில்தான் இது நடக்கும். போனைத் துண்டில் சுற்றி உள்ளே வையுங்கள். வெளிர் நிறப் பை கிடைத்தால் அதையே வாங்குங்கள். செம்மண் படிந்து அழுக்காகத் தெரியும், தெரிந்தால் துடைத்துக்கொள்ளலாம். செம்மண் புகுந்து ஜிப் திணறினால் பழைய பிரஷ்ஷால் தட்டிவிட்டு மெழுகுவர்த்தியை அதன் பல்லில் தேய்த்தால் சரியாகும். எண்ணெய் விடாதீர்கள், மண் இன்னும் ஒட்டும்.

ஐப்பசி மழைக்கு வேறு சோதனை. தையல் போட்ட பை எதுவானாலும், துணி எவ்வளவு உயர்ந்ததானாலும், ஊசித் துளை வழியாக நீர் வரும். உள்ளே டேப் ஒட்டியிருந்தாலோ, தையலே இல்லாமல் சூட்டில் ஒட்டியிருந்தாலோதான் வராது. புதுப்பைக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, மூடி, ஹேண்டிலில் மாட்டி, ஐந்து நிமிடம் மேலே தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு தாளை எடுத்துப் பார்த்தால் எந்த மூலை ஒழுகுகிறது என்று ஈரமே காட்டிக்கொடுக்கும். அந்த மூலைப் பக்கம் போனை வைக்காமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வெளிநாட்டுப் பையின் விலையைக் கேட்டு மலைக்கிறவர்களுக்கு நம் பக்கத்து வழி ஒன்று உண்டு. தார்ப்பாயும் சீட் கவரும் தைக்கிற கடையில் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். நைலான் நூல், பட்டை சேரும் இடத்தில் கட்டம் போட்டு நடுவில் குறுக்குத் தையல், பை தொய்யாமலிருக்க முதுகிலும் அடியிலும் கெட்டியான பிளாஸ்டிக் தகடு. பிடியை மட்டும் தனியாக, நல்லதாகப் பார்த்து வாங்குங்கள்.

மாட்டிய பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். பிரேக் கேபிளும் கியர் கேபிளும் மடியக்கூடாது; மடிந்தால் கியர் தானாகக் குதிக்கும். பையின் அடிக்கும் டயருக்கும் நடுவில் நான்கு விரல் போகவேண்டும். சஸ்பென்ஷன் ஃபோர்க் என்றால் முழு எடையும் போட்டு அமுக்கி அளக்கவேண்டும். இரவில் விளக்கைப் போட்டு, பையின் நிழல் சாலையில் விழுகிறதா என்று பாருங்கள். ஆடாக்ஸ் இந்தியா நடத்தும் ஓட்டங்களில் 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம். விடிவதற்கு முன் கிளம்பினாலும் இருட்டிய பின் முடித்தாலும் முன்விளக்கு சாலையில் விழுந்தே ஆகவேண்டும். பை மறைத்தால் விளக்கைக் கீழே ஃபோர்க்கின் தோளுக்கு இறக்கிவிடலாம்.

கடைசியாக, பை ஒரு கையால் கழன்று வரவேண்டும், தோளில் மாட்டப் பட்டைக்கு வளையம் இருக்கவேண்டும். பிள்ளையார்பட்டியில் சைக்கிளைச் செருப்புக் கடையோரம் பூட்டி நிறுத்திவிட்டுக் கோயிலுக்குள் போகலாம். பணமும் போனும் இருக்கிற பையை அங்கே விட்டுவிட்டுப் போக முடியாது.