ரெண்டே வாரத்துல ஒரு வறட்சி

வறட்சின்னா மாசக்கணக்கில், மெதுவா வரும்னுதானே படிச்சிருக்கோம்? ரெண்டு, மூணு வாரத்துலயே மண்ணைக் காயவைக்கிற ரகமும் இருக்கு. ஆங்கிலத்தில் ஃப்ளாஷ் ட்ராட். நாம திடீர் வறட்சின்னு சொல்லலாம்.

ஹாஸ்டல் மாடித் தொட்டியை நினைச்சுக்கோங்க. மோட்டார் ஓடாத நாளில் எல்லா ஃப்ளோரிலும் குழாயைத் திறந்துவிட்டா என்ன ஆகும்? மழைதான் மோட்டார். குழாய், சூடான காற்று. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 32 டிகிரியில் 34 கிராம். காற்றில் ஏற்கெனவே 16 கிராம் இருந்தா, அதன் தாகம் 7-லிருந்து 18 கிராமா ஏறுது. ஏழே டிகிரிக்கு ரெண்டரை மடங்கு! மழைமானி இதைக் காட்டவே காட்டாது.

ஐஐடி காந்திநகர் ஆய்வாளர்கள் 1951 முதலான தரவைப் பார்த்தப்போ, இந்தியாவில் இவை பெரும்பாலும் பருவமழைக் காலத்திலேயே வந்திருக்கு. நடுவுல மழை இடைவெளி விடுதே, அப்போதான். 1979 ரொம்ப மோசம்.

இப்போ ஜவ்வாது மலைக்கு வாங்க. நெல்லிவாசல்நாடு மாதிரி ஊர்களில் சாமை மானாவாரிப் பயிர். ஜூன், ஜூலையில் விதைச்சா மூணு, நாலு மாசத்துல அறுவடை. பூக்கும் நேரத்தில் ரெண்டு வாரம் காய்ஞ்சா கதிர் பதராகிடும். ஆனா 2016-ம் ஆண்டு மத்திய அரசின் வறட்சிக் கையேடு, கரீஃப் பருவ வறட்சியை அறிவிக்க அக்டோபர் 30 வரை அவகாசம் தருது. அறிவிப்பு நிவாரணத்துக்கு உதவும், பயிருக்கு இல்லை.

பணக்கார நாடும் தப்பலை. 2012 மே மாதம் அமெரிக்க வேளாண் துறை ஏக்கருக்கு 166 புஷல் மக்காச்சோளம் கிடைக்கும்னு கணிச்சது. கிடைச்சது 123. அங்கே வாராவாரம் வறட்சி வரைபடம் வேற வெளியிடறாங்க.

சேட்டிலைட் பார்த்துக்கும்னு விட்டுடாதீங்க. மண் ஈரம் அளக்கிற நாசாவின் ஸ்மாப் கருவிக்கு அடிப்படைத் துல்லியம் சுமார் 36 கிலோமீட்டர். மலையும் கீழே திருப்பத்தூர் சமவெளியும் ஒரே பிக்சலில் கலந்துடும். அதனால மலையிலேயே மண் ஈர சென்சார் வேணும், வேர் ஆழத்தில்; பக்கத்துல வெப்பநிலை, ஈரப்பதம். நாம ப்ராஜெக்ட்டுக்கு வாங்குற அதே கப்பாசிட்டிவ் சென்சார் போதும், ஆனா அந்த ஊர் மண்ணை அடுப்பில் உலர்த்தி எடை போட்டு காலிபரேட் பண்ணணும். இதைத்தான் எல்லாரும் ஸ்கிப் பண்றாங்க.

ஒரு வாரம் முன்னாடி தெரிஞ்சா என்ன பண்ண முடியும்? களையை உடனே எடுக்கலாம், அதுவும் தண்ணி குடிக்குதே. மூடாக்கு போடலாம். பண்ணைக்குட்டை இருக்கிறவங்க, பூக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை தண்ணி விடலாம்.