இரண்டாம் மொழியும் முதுமை மறதியும்

அன்புள்ள பேத்தி கயல்விழிக்கு,

அன்றாடம் இரண்டு மொழி பேசுகிறவர்களிடம் மறதி நோயின் அறிகுறிகள் சில ஆண்டுகள் பிந்தியே தலைகாட்டுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. இதற்கான வலுவான சான்றுகளில் ஒன்று ஹைதராபாத்தில் கிடைத்தது. அங்குள்ள நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்துக்கு வந்த 648 மறதி நோயாளிகளின் விவரங்களை நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். அவர்களில் 391 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுகிறவர்கள். ஒரே மொழி தெரிந்தவர்களைவிட இவர்களுக்கு நோய் ஏறத்தாழ நாலரை ஆண்டு தள்ளித் தொடங்கியிருந்தது.

2007-லேயே கனடாவின் டொராண்டோவில் எலன் பியாலிஸ்டாக் குழுவினர் 184 நோயாளிகளிடம் சுமார் நான்கு ஆண்டு வேறுபாட்டைக் கண்டிருந்தார்கள். ஆனால் அங்கே இருமொழியாளர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள். காரணம் மொழியா, குடிபெயர்ந்த வாழ்க்கையா என்ற கேள்வி எழுந்தது. ஹைதராபாத்தில் அந்தச் சிக்கல் இல்லை. தெலுங்கும் உருதுவும் இந்தியும் கலந்து புழங்கும் ஊர் அது; இன்னொரு மொழி கற்க யாரும் கடல் கடக்க வேண்டியதில்லை.

பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்தத் தாமதம் தெரிந்தது. ஆகவே இதைப் படிப்பின் பலன் என்று ஒதுக்கிவிட முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பேசிப் பழகிய மொழி கைகொடுத்திருக்கிறது என்பதே இந்த ஆய்வு தரும் அருமையான செய்தி. மூன்று, நான்கு மொழிகள் அறிந்தவர்களுக்குக் கூடுதல் பலன் தென்படவில்லை.

இரு மொழி அறிந்தவர் வாய் திறக்கும்போது இரண்டுமே மூளையில் விழித்திருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்து மற்றதை அடக்கும் வேலையை மூளையின் முன்பகுதி ஓயாமல் செய்கிறது. இந்தப் பயிற்சி முதுமைக்கு ஒரு கையிருப்பாகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 2012-இல் வெளியான டொராண்டோ ஸ்கேன் ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது: ஒரே அளவு அறிவுத்திறன் காட்டிய நோயாளிகளில் இருமொழியாளர்களின் மூளையே அதிகம் சுருங்கியிருந்தது. சேதம் கூடியும் அவர்கள் தாக்குப்பிடித்திருக்கிறார்கள்.

எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. நலமாக இருக்கும் முதியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் பலவற்றில் நோய் வரும் வாய்ப்பு குறையவில்லை. நியூயார்க்கின் ஸ்பானிஷ் பேசுவோரிடம் நடந்த ஆய்வு அவற்றில் ஒன்று. எனவே மொழி நோயைத் தடுக்கிறது என்று சொல்வதற்கில்லை, தள்ளிப்போடக்கூடும் என்பதே சரி. ரத்த அழுத்தம், சர்க்கரை, காது மந்தம் ஆகியவற்றைக் கவனிப்பதற்கு அது மாற்றும் அல்ல.

இருந்தாலும் தள்ளிப்போக வாய்ப்பிருப்பதால், வேலைக்காக வேற்று மாநிலம் போகும் இளையவர்கள் அலுவலக ஆங்கிலத்தோடு நின்றுவிடாமல், காய்கறிக் கடையிலும் ஆட்டோவிலும் அவ்வூர் மொழியைப் பேசிப் பழக வேண்டும். பிழையோடு பேசினாலும் பரவாயில்லை. வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் இளமையில் பேசிய இரண்டாம் மொழியில் அடிக்கடி பேச்சுக் கொடுக்க வேண்டும். அந்த மொழியைப் பேசும் பழக்கம் விட்டுப்போக விடக் கூடாது.

அன்புடன்,
தாத்தா