48 வளைவு ஏறினாலும் கணக்கு ஒன்றுதான்!



போன மாதம் இயற்பியல் வகுப்பில் சார் ஒரு கேள்வி கேட்டார். "ஒருத்தன் சைக்கிளைத் தோளில் போட்டுக்கிட்டு செங்குத்தா மலை ஏறுறான். இன்னொருத்தன் அதே மலையில் சுற்றிச் சுற்றிப் போற ரோட்டில் சைக்கிள் மிதிச்சு ஏறுறான். புவியீர்ப்பை எதிர்த்து யார் செய்யும் வேலை குறைவு?"

நான்தான் முதல் ஆளாக எழுந்தேன். "ரோட்டில் போறவன் சார்!" வகுப்பில் பாதிப் பேர் என் பக்கம் கை தூக்கினார்கள். சார் சிரித்தார். "கணக்குப் போட்டுக்கிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

எந்த மலையை வைத்துக் கணக்குப் போடுவது? எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் ஒரு மலை ரோடு படம் இருக்கிறது. பச்சை மலைச்சரிவில் யாரோ ரிப்பனை மடித்து மடித்துப் போட்ட மாதிரி இருக்கும். கீழே "ஸ்டெல்வியோ கணவாய், இத்தாலி" என்று போட்டிருந்தது. அதையே எடுத்துக்கொண்டேன்.

1. அந்த ரோடு யார் போட்டது?

ஸ்டெல்வியோ, ஆல்ப்ஸ் மலையில் சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி இருக்கிறது. உயரம் 2,757 மீட்டர். இத்தாலியில் தார் ரோடு உள்ள கணவாய்களில் இதுதான் மிக உயரம். 1815-க்குப் பிறகு மிலான் நகரம் இருக்கும் லொம்பார்டி பகுதி ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது. அதை டிரோல் பகுதியோடு இணைக்க ஒரு பாதை வேண்டும். கார்லோ டோனெகானி என்ற பொறியாளர் 1820 முதல் 1825 வரை வேலை செய்து முடித்தார். அப்போது மோட்டார் கிடையாது. குதிரை வண்டி ஏற வேண்டும்! அதனால் சரிவைக் குறைக்க ரோட்டை வளைத்து வளைத்துக் கொண்டுபோனார். பிராத்தோ என்ற ஊர்ப் பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. அடிவாரத்தில் 48, உச்சியில் 1. ஏறுகிறவர்கள் இறங்குமுகமாக எண்ணிக்கொண்டே போகலாம். பாதி வழிக்கு மேல் 3,905 மீட்டர் உயர ஓர்ட்லர் சிகரத்தின் பனி எதிரே தெரியும்.

2. இப்போது கணக்கு

பிராத்தோவிலிருந்து உச்சி வரை ரோட்டின் நீளம் சுமார் 24 கி.மீ. ஏறும் உயரம் சுமார் 1,800 மீட்டர். ஆள் 60 கிலோ, சைக்கிள் 15 கிலோ, மொத்தம் 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். g = 10.

தோளில் சுமந்து செங்குத்தாக ஏறுபவன்:
விசை = 75 × 10 = 750 நியூட்டன்
வேலை = 750 × 1,800 = 13,50,000 ஜூல்

ரோட்டில் மிதிப்பவன்:
சரிவு = 1,800 ÷ 24,000 = 0.075
விசை = 750 × 0.075 = சுமார் 56 நியூட்டன்
வேலை = 56.25 × 24,000 = 13,50,000 ஜூல்

பார்த்தீர்களா? வேலை ஒரு ஜூல்கூடக் குறையவில்லை! விசைதான் 13-ல் ஒரு பங்காகக் குறைந்தது. அதற்குப் பதிலாகத் தூரம் 13 மடங்கு கூடிவிட்டது. உராய்வையும் காற்றையும் சேர்த்தால் ரோட்டில் போகிறவனுக்கு வேலை கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும். மலை கடனைத் தள்ளுபடி செய்யாது, தவணையில் கட்ட மட்டும் விடும். நான் "விசை குறைவு" என்று சொல்ல வேண்டியதை "வேலை குறைவு" என்று சொல்லிவிட்டேன். அன்று கை தூக்கியவர்களும் கவனிக்கவும்!

3. கியர் என்ன செய்கிறது?

கியர் இல்லாத சைக்கிளில் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் பிரீவீலில் 18 பல் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 5.4 மீட்டர் போகும். மலைக்குரிய கியரில் முன்னாலும் 34 பல், பின்னாலும் 34 பல் வைப்பார்கள். ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர்தான் போகும். அப்படீன்னா காலுக்கு வரும் பளு பாதிக்கும் கீழே வந்துவிடும். ஆனால் இரண்டரை மடங்கு தடவை மிதிக்க வேண்டும். வளைவு ரோடு செய்த அதே வேலையைத்தான் கியரும் செய்கிறது. இதுவும் தவணைதான்.

இது தெரிந்தும் பழைய காலப் பந்தயக்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1911-ல் ஆல்ப்ஸின் கலிபியே கணவாயை முதல்முறை கடந்தது. பெரும்பாலான வீரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். ஓடும்போதே கியர் மாற்றும் கருவிக்கு அந்தப் பந்தயத்தில் 1937-ல்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை பின் சக்கரத்தின் இரு பக்கமும் இரண்டு அளவுப் பல்சக்கரம் இருக்கும். ஏற்றம் வந்தால் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும்!

ஸ்டெல்வியோவுக்கு இத்தாலியப் பந்தயமான ஜீரோ 1953-ல் முதல்முறை வந்தது. ஃபாஸ்டோ கோப்பி, முன்னிலையில் இருந்த ஹூகோ கோப்லெட்டை இந்த வளைவுகளில் பின்தள்ளினார். அந்த ஆண்டு ஜீரோவையும் வென்றார். அது அவருக்கு ஐந்தாவது வெற்றி.

4. உச்சியில் என்ன காத்திருக்கிறது?

ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். பிராத்தோவில் 25 டிகிரி என்றால் உச்சியில் 13 டிகிரிதான். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைப் போல் 72 சதவீதம்தான் இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் குறையும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போனால் ஏற 2 மணி 24 நிமிடம். நம் தசை, சாப்பாட்டு ஆற்றலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். எனவே இந்த ஏற்றத்துக்குச் சுமார் 1,300 கிலோ கலோரி செலவு. ஒரு நாள் சாப்பாட்டில் பாதிக்கு மேல்! சும்மாவா?

5. இறக்கத்தில்தான் ஆபத்து

ஏறியாச்சு, இனி கவலை இல்லைன்னு நினைக்காதீர்கள். ஏறும்போது செலவழித்த 13,50,000 ஜூலும் நிலை ஆற்றலாக நம்மிடமே இருக்கிறது. இறங்கும்போது அது வேறு எதிலாவது போய்த்தான் ஆக வேண்டும். அது 25 டிகிரியில் இருக்கும் 4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான ஆற்றல். ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதி பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் சூடாகப் போகும். பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கவும் செய்யும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட வேண்டும். இடையில் காற்றுபட்டு ரிம் ஆறும்.

அடுத்த எதிரி குளிர். ஏறும்போது உடல் சூடாகும், வேர்க்கும். இறங்கும்போது மிதிக்கும் வேலை இல்லை, எதிர்க்காற்று மட்டும் உண்டு. ஈரச் சட்டை உடல் சூட்டை உறிஞ்சிவிடும். 1988 ஜூன் 5-ல் ஜீரோ பந்தயம், பக்கத்தில் உள்ள கவியா கணவாயைப் பனிப்பொழிவில் கடந்தது. நெதர்லாந்தின் யோஹான் வான் டெர் வெல்டே அரைக்கைச் சட்டையோடு முதலாவதாக உச்சியை அடைந்தார். ஆனால் இறக்கத்தில் உறைந்துபோய் நின்றுவிட்டார். போர்மியோ ஊரில் பந்தயம் முடியும் இடத்துக்கு நாற்பது நிமிடத்துக்கும் மேல் தாமதமாக வந்தார். கனத்த உடையோடு இறங்கிய அமெரிக்கர் ஆண்டி ஹாம்ப்ஸ்டன் அன்று முன்னிலை பெற்று, அந்த ஜீரோவையே வென்றார். உச்சியை முதலில் தொட்டவர் தோற்றுப்போனார்!

செய்து பார்!

ஒரு பலகையைச் சாய்த்து வை. பொம்மைக் காரைச் சுருள்வில் தராசில் மாட்டி மெதுவாக இழு. சாய்வைக் குறைத்து மறுபடியும் இழு. அளவு எப்படி மாறுகிறது?

யோசித்துச் சொல்!

போர்மியோ பக்கமிருந்து ஸ்டெல்வியோ ஏறினால் உயரம் சுமார் 1,530 மீட்டர், நீளம் சுமார் 21.5 கி.மீ. அதே 75 கிலோவுக்கு வேலை எவ்வளவு? விசை எவ்வளவு? எந்தப் பக்கம் கால் அதிகம் வலிக்கும்? விடையை எழுதி ஆய்வகத்து வாசல் பெட்டியில் போடுங்கள்.

பின்குறிப்பு: நோட்டைப் பார்த்த சார், "தப்பாச் சொன்னதாலதான் இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டே. அடுத்த தடவையும் முதல் ஆளா எழுந்திரு" என்றார். எழுந்திருப்பேன்.

– பதினோராம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு