கோட்டின்னு பட்டம் கட்டுமுன்ன கொஞ்சம் கவனிங்க

மூணு நாள் காய்ச்சல் அடிச்சா பாளையங்கோட்டைக்கு ஆட்டோ பிடிக்கீங்க. வீட்டு ஆளு மூணு மாசமா ஒறங்கலன்னா மட்டும் “தானா சரியாயிரும்”னு இருந்துருதீங்க. முதல்ல அந்தப் பழக்கத்தை விடுங்க.

1. சுபாவத்தைப் பாக்காதீங்க, மாத்தத்தைப் பாருங்க. எப்பவுமே வாய் திறக்காத அத்தான் இன்னைக்கும் பேசலன்னா கவலை வேண்டாம். தெருவே கேக்கச் சிரிக்குத மைனி ரெண்டு வாரமா வாசலுக்கு வரலன்னா, அதை விடாதீங்க. ஒறக்கம், சாப்பாடு, குளிப்பு, வேலை, பெரும்பாலும் இந்த நாலுல ஒண்ணுதான் முதல்ல கெடும். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுத்துத வீடுகள்ல சட்டுனு தெரியும்: சொளவு மடியில இருக்கும், இலை வெட்டாம கெடக்கும். “மேலு வலிக்காம இருக்கா”ன்னு ஏசாதீங்க.

2. அழுதாத்தான் மனச்சோர்வுன்னு இல்ல. ஆம்பளைங்க நிறையப் பேரு எரிஞ்சு விழுவாங்க, குடி கூடும். பொம்பளைங்க “நெஞ்சு படபடங்கு”ன்னு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறுவாங்க, ஸ்கேன்ல ஒண்ணும் இருக்காது. நடிப்புன்னு சொல்லிராதீங்க, வலி நிஜம். தைராய்டு குறைஞ்சாலும் இதே சோர்வு வரும், ரத்தத்தையும் சோதிச்சிருங்க.

3. ரெண்டு மணி நேரம் ஒறங்கிட்டு, களைப்பே இல்லாம, கடன் வாங்கிப் பெரிய பெரிய திட்டம் பேசுதாங்களா? அதைச் சுறுசுறுப்புன்னு மெச்சாதீங்க. அதுவும் அறிகுறிதான். பத்திரத்தையும் ஏ.டி.எம். கார்டையும் பத்திரப்படுத்திட்டுக் கூட்டிட்டுப் போங்க.

4. யாருமில்லாம பேசுதது, காதுல குரல் கேக்குதது, சோத்துல எதையோ கலந்துட்டாங்கன்னு சந்தேகப்படுதது. இது பெரும்பாலும் இருபதுகள்லயே தலைகாட்டும். “கல்யாணம் முடிச்சா சரியாயிரும்”னு இன்னொரு பிள்ளை வாழ்க்கையையும் இழுத்து விடாதீங்க. சந்தேகத்தோட வாதாடாதீங்க, ஆமாம்னு தலையாட்டவும் வேண்டாம். “உனக்கு ஒறக்கமே இல்லியே, அதுக்கு டாக்டரைப் பாப்போம்”னு கூப்பிடுங்க. அதுக்குத்தான் வருவாங்க.

5. இதுக்கெல்லாம் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க:
- பிள்ளை பெத்த சில நாள்லயே தாய் ஒறங்காம, சம்பந்தமில்லாம பேசினா. பேறுகாலக் காத்து கருப்புன்னு மந்திரிச்சுட்டு இருக்காதீங்க. தாய், பிள்ளை ரெண்டு உயிருக்கும் ஆபத்து.
- குடியைச் சட்டுனு நிறுத்தினவரு ரெண்டு மூணு நாள்ல கை நடுங்கி, இல்லாததைக் கண்டா.
- ஆச்சியோ தாத்தாவோ நேத்துவரை நல்லாயிருந்து இன்னைக்கு ஆளே அடையாளம் தெரியாம உளறினா. நீர்க்கடுப்புக் கிருமியோ உப்புக் குறைவோகூட காரணமா இருக்கும்.
- “நான் இருந்து என்ன செய்ய”ன்னு சொன்னா. “சாகணும்போல இருக்கா”ன்னு நேராவே கேளுங்க. கேக்கதால அந்த எண்ணம் முளைக்காது, உள்ள கெடக்கது வெளிய வரும். பிசான வயலுக்கு வாங்கின பூச்சிமருந்து வீட்ல இருந்தா அந்த நிமிஷமே அப்புறப்படுத்துங்க. தனியா விடாதீங்க.

6. சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகணுமா, போயிட்டு வாங்க. மாத்திரையையும் கையில எடுத்துட்டுப் போங்க. ஆனா எந்த இடத்துலயும் கட்டிப்போட விடாதீங்க. 2001 ஆகஸ்ட் 6 அன்னைக்கு ஏர்வாடியில (நம்ம நாங்குநேரி பக்கத்து ஏர்வாடி இல்ல, ராமநாதபுரத்து ஏர்வாடி) மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடிச்சுது. சங்கிலியில கெடந்தவங்களால எந்திரிச்சு ஓட முடியல, 28 பேர் போயிட்டாங்க. அவங்களையும் வீட்ல யாரோ நம்பித்தான் விட்டுட்டு வந்தாங்க. சங்கிலி போடுததை 2017 மனநலச் சட்டம் அடியோட தடுத்திருக்கு.

7. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. காலையிலயே போய் ஓ.பி. சீட்டு போடுங்க. அம்பாசமுத்திரத்துல இருந்து அவ்வளவு தூரம் வரத் தோதில்லன்னா மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுங்க. ராப்பகலா எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. போகுமுன்ன ஒரு தாள்ல எழுதிக்கோங்க: எப்ப தொடங்கிச்சு, எத்தனை மணி நேரம் ஒறங்குதாங்க, என்ன மாத்திரை சாப்பிடுதாங்க, குடி உண்டா, சொந்தத்துல யாருக்காவது இருந்துதா. அங்க போய் முழிக்க வேண்டாம்.

8. மனச்சோர்வு மாத்திரை பிடிக்கவே ரெண்டு மூணு வாரம் ஆகும். நாலாம் நாளே “ஒண்ணும் கேக்கல”ன்னு தூக்கிப் போடாதீங்க. நல்லாயிட்டுன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது, திரும்ப வந்துரும். ஒறக்கம் அதிகமா தட்டுதுன்னா டாக்டர்கிட்டயே சொல்லுங்க, அளவை மாத்தித் தருவாங்க.