சங்கச் செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர...

தொழில் சங்கங்களில் பாதிச் சண்டை, "எனக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்பதில்தான் தொடங்குகிறது.

• வாட்ஸ்அப்பில் இரண்டு குழுக்கள் வையுங்கள். அறிவிப்புக் குழுவில் அட்மின் மட்டுமே பதிவிடும்படி செட்டிங்கை மாற்றிவிடுங்கள். காலை வணக்கமும் பிறந்தநாள் கேக்கும் மற்றதில் இருக்கட்டும்.

• பிராட்காஸ்ட் லிஸ்ட்டை நம்பிவிடாதீர்கள். ஒரு லிஸ்ட்டில் 256 பேர்தான். அதிலும், உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். புதுச் செயலாளர் வந்ததும் பலருக்குத் தகவல் நின்றுபோவது இதனால்தான். பொறுப்பேற்ற அன்றே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

• "அவசரக் கூட்டம், தவறாமல் வரவும்" என்று மட்டும் போட்டால் வதந்திதான் கிளம்பும். தேதி, கிழமை, நேரம், இடம், பேசப்போகும் பொருள் எல்லாம் முதல் நாலு வரிக்குள் வரட்டும்.

• பொதுக்குழுவுக்கு வாட்ஸ்அப் மட்டும் போதுமா என்று துணைவிதியைப் பார்த்துவிடுங்கள். அதில் சொன்ன முறையில், சொன்ன அவகாசத்தில் அறிவிப்பு அனுப்பி, அதற்கான அத்தாட்சியைக் கோப்பில் வையுங்கள். பின்னால் வழக்கு வந்தால் உதவும்.

• ஸ்மார்ட்போன் இல்லாத மூத்தவர்களுக்கு ஒரு போன் போடுங்கள்.

• சந்தா பாக்கி வைத்தவர் பெயரைக் குழுவில் போடவே போடாதீர்கள், தனியாகக் கேளுங்கள்.