குழவி பிறக்கும் இடம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத விலங்கு யானை. அதனால்தான் உலகெங்கும் விலங்கியல் பூங்காக்கள் யானையைத் தேடிக் கொணர்ந்து காட்சிக்கு வைத்தன. ஆனால், வேலிக்குள் வைக்கப்பட்ட யானை எவ்வாறு வாழ்கிறது? அங்கே அதன் இனம் பெருகுமா? இவ்வினாக்களுக்கு விடைதேடியபோது, பூங்காக்கள் யானையைக் குறித்து மட்டுமன்றித் தம்மைக் குறித்தும் பலவற்றை அறிந்துகொண்டன.

மரபு தந்த பெயர்

தொல்காப்பியத்தின் மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர்களையும் ஆண்பாற் பெண்பாற் பெயர்களையும் வகுத்துக் கூறுகிறது. களிறு, பிடி ஆகிய பெயர்களை யானைக்குச் சிறப்பாக உரியனவாக அது குறிக்கிறது. யானையின் இளமைக்குக் கன்று என்னும் பெயரோடு குழவி என்னும் பெயரையும் தருகிறது. மனிதக் குழந்தைக்கு வழங்கிய அதே சொல்லை யானையின் குட்டிக்கும் வழங்கியோர், அவ்விரண்டின் வளர்ப்பிலும் உள்ள ஒற்றுமையைக் கண்டிருத்தல் வேண்டும். நீண்ட காலம் தாயைச் சார்ந்திருப்பதும், உறவினர் பலரால் பேணப்படுவதும், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்வதும் இரண்டிற்கும் பொது.

உயிர்க்காலேஜ் முதல் வண்டலூர்வரை

சென்னையின் விலங்கியல் பூங்கா 1855ஆம் ஆண்டில் எட்வர்டு பால்ஃபர் என்பவரின் முயற்சியால் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கியது. பின்னர் அது மத்திய தொடர்வண்டி நிலையத்திற்கு அருகிலிருந்த மக்கள் பூங்காவிற்கு மாறியது. பதப்படுத்திய விலங்குகள் இருந்த அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், உயிருள்ள விலங்குகள் இருந்த பூங்காவை ‘உயிர்க்காலேஜ்’ என்றும் மக்கள் அழைத்தனர். நகரம் பெருகி இடம் நெருக்கவே, 1985ஆம் ஆண்டில் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. அயனம்பாக்கம், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய மேற்குப் புறநகர்களின் பள்ளி மாணவர்கள் இன்று வெளிவட்டச் சாலை வழியே அங்குச் சென்று வருகின்றனர்.

அப்பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 600 ஹெக்டேர். அதாவது 6 சதுர கிலோமீட்டர். நாட்டின் பெரிய பூங்காக்களுள் அதுவும் ஒன்று. ஆயினும், நீலகிரிப் பகுதியில் ஒரு யானைக்கூட்டம் ஓர் ஆண்டில் உலவும் நிலப்பரப்பு நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர். அயனம்பாக்கம் ஏரிக்கரைக்கும் வண்டலூருக்கும் இடைப்பட்ட தொலைவைக் காட்டு யானைகள் மேய்ந்துகொண்டே இரண்டு மூன்று நாள்களில் கடந்துவிடும். ஒரு பூங்கா முழுவதையும் யானைக்கே கொடுத்தாலும் போதாது என்னும்போது, அதன் ஒரு மூலையில் அமைந்த அடைப்பிடம் எம்மாத்திரம்?

நடையும் சுற்றமும்

யானையின் உடல் நடப்பதற்கென்றே அமைந்தது. நடை குறைந்து, கடினமான தரையில் நெடுநேரம் நிற்க நேர்ந்தால் உள்ளங்கால் வெடிக்கிறது; நகங்களில் சீழ் பிடிக்கிறது; மூட்டுகள் தேய்கின்றன; உடல் பருக்கிறது. பூங்கா யானைகளின் பெருநோய் காலில்தான் தொடங்குகிறது. நின்ற இடத்திலேயே தலையையும் உடலையும் இடைவிடாது ஆட்டும் யானையைப் பார்ப்போர், அது மகிழ்ந்து ஆடுவதாக எண்ணுகின்றனர். உண்மையில் அது, இயல்பான வாழ்வு மறுக்கப்பட்டதன் அறிகுறி.

இடத்தைவிடப் பெரிய இழப்பு சுற்றம். காட்டில் மூத்த பிடி ஒன்றன் தலைமையில் தாயும் மகளும் சிற்றன்னையரும் ஒன்றாக வாழ்கின்றனர். இளம்பிடி, தான் தாயாவதற்கு முன்பே பல பிறப்புகளைப் பார்த்து, தங்கை தம்பியரைப் பேணிப் பழகிவிடுகிறது. சிறு வயதிலேயே கூட்டத்திலிருந்து பிரித்துக் கொணரப்பட்ட பிடிக்கு அக்கல்வி கிடைப்பதில்லை. முதன்முறை ஈன்ற பூங்காப் பிடிகள் சில, தம் குட்டியையே கண்டு அஞ்சித் தாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருவுறுதலின் அருமை

யானையின் சினைப்பருவச் சுழற்சி ஏறத்தாழ 13 முதல் 17 வாரங்கள் நீள்வது. அதில் கருவுறக்கூடிய நாள்கள் மிகச் சிலவே. எனவே ஓர் ஆண்டில் மூன்று நான்கு வாய்ப்புகளே அமைகின்றன. பிடியின் இரத்தத்தில் ஓர் இயக்குநீர் மூன்று வார இடைவெளியில் இருமுறை உயர்வதையும், இரண்டாம் உயர்வின்போதே கருமுட்டை வெளிப்படுவதையும் ஆய்வாளர் கண்டறிந்தனர். இவ்வறிவின் துணையால், செயற்கை முறைக் கருவூட்டலில் உருவான ஆசிய யானைக்குட்டி 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலப் பூங்கா ஒன்றில் பிறந்தது.

இது பெரிய அறிவியல் வெற்றியே. எனினும், இளமையில் கருவுறாது நெடுங்காலம் கழித்த பிடிகளின் கருப்பையில் கட்டிகள் தோன்றுவதும், சினைப்பருவச் சுழற்சியே நின்றுபோவதும் பூங்காக்களின் தீராச் சிக்கல்களாக உள்ளன. பிழைத்துப் பிறக்கும் குட்டிகள் சிலவற்றையும் யானை ஹெர்பிஸ் தீநுண்மி, நோய் வெளிப்பட்ட சில நாள்களிலேயே கொன்றுவிடுகிறது.

எண்கள் உரைக்கும் உண்மை

ஐரோப்பியப் பூங்காக்களின் யானைகள் பற்றிய ஆய்வொன்று 2008ஆம் ஆண்டில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. பூங்காவில் பிறந்த ஆசியப் பிடிகளின் இடைநிலை வாழ்நாள் 18.9 ஆண்டுகள் என்றும், மியான்மரில் மரம் இழுக்கும் பணியிலிருந்த பிடிகளுக்கு அது 41.7 ஆண்டுகள் என்றும் அவ்வாய்வு கூறியது. வேளைதவறாத உணவும் மருத்துவமும் பெற்ற யானையைவிட, உழைத்துக் களைத்து இரவில் காட்டில் மேய்ந்த யானை இருமடங்கிற்கும் மேலாக வாழ்ந்தது. குறை உணவில் இல்லை. வாழும் முறையில் இருந்தது.

தெப்பக்காடு காட்டும் வழி

இவ்வுண்மையைத் தமிழ்நாட்டின் வனத்துறை முகாம்கள் நெடுநாள்களாகவே உணர்த்தி வந்துள்ளன. முதுமலையில் மாயாற்றின் கரையில் அமைந்த தெப்பக்காட்டிலும், ஆனைமலையின் கோழிகமுத்தியிலும் யானைகள் ஆற்றில் குளித்து, ராகியும் அரிசியும் கொள்ளும் கலந்த கவளம் உண்டபின், காலில் நீண்ட சங்கிலியுடன் காட்டிற்குள் மேயவிடப்படுவது வழக்கம். மறுநாள் காலையில், சங்கிலி இழுபட்ட தடத்தைப் பற்றிச் சென்று பாகர் அவற்றை அழைத்துவருவர். அவ்வாறு மேயும் பிடிகளோடு காட்டுக் களிறுகள் கூடியதால், முகாமிலேயே குட்டிகள் பல பிறந்தன. இரத்த ஆய்வும் இயக்குநீர்க் கணக்கும் இன்றிக் காடே அதனைச் செய்து முடித்தது.

இம்முகாம்களில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி, யானை ஆய்வாளர் இராமன் சுகுமார் முதலியோர் தென்னிந்திய வளர்ப்பு யானைகளின் பிறப்பு இறப்புக் கணக்குகளை ஆராய்ந்து 1997ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மர வேலை முகாம்களின் யானைகள், நன்கு பேணப்பட்டால், காட்டிலிருந்து புதிதாகப் பிடிக்காமலேயே தம் எண்ணிக்கையை நிலைநிறுத்திக்கொள்ள வல்லவை என்பதை அவ்வாய்வு புலப்படுத்தியது.

முகாமும் சிறைதான் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அங்கும் சங்கிலி உண்டு, அங்குசம் உண்டு. ஆயினும் அங்கே காடும் ஆறும் சுற்றமும் உள்ளன. தலைமுறை தலைமுறையாக யானையோடு பழகிய காட்டுநாயக்கர், மலசர், இருளர் முதலிய பழங்குடி மக்களின் அறிவும் உள்ளது. தாயை இழந்த குட்டிகளைத் தெப்பக்காட்டில் பேணி வளர்த்த பொம்மன், பெள்ளி இணையரின் வாழ்வைக் காட்டிய ஆவணப்படம் 2023ஆம் ஆண்டில் ஆஸ்கர் விருது பெற்றது.

தனிமையின் விலை

இந்தியாவின் மத்திய விலங்கியல் பூங்கா ஆணையம், யானைகளைப் பூங்காக்களில் வைத்திராமல் முகாம்களுக்கும் மறுவாழ்வு மையங்களுக்கும் மாற்ற வேண்டும் என 2009ஆம் ஆண்டு நவம்பரில் அறிவுறுத்தியது. ஆணை பிறந்த உடனே எல்லா யானைகளும் இடம் மாறிவிடவில்லை. சிம்பாப்வே நாட்டின் அன்பளிப்பாக 1990களில் தில்லிப் பூங்காவிற்கு வந்த சங்கர் என்னும் ஆப்பிரிக்கக் களிறு, துணையை இழந்தபின் பல்லாண்டுகள் தனித்தே வாழ்ந்து 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் இறந்தது. இலங்கையிலிருந்து குட்டியாக இஸ்லாமாபாத்திற்கு அனுப்பப்பட்ட காவன் என்னும் களிறும் 2012ஆம் ஆண்டில் துணையை இழந்தது. நீதிமன்றத் தீர்ப்பின் பயனாக 2020ஆம் ஆண்டில் அது கம்போடியாவின் சரணாலயத்தை அடைந்து, மற்றொரு யானையின் துதிக்கையைத் தொட்டது.

எதற்காகப் பெருக்குவது?

பூங்காக்களால் பயனே இல்லை எனக் கூறுதல் நேர்மையாகாது. ஹெர்பிஸ் தீநுண்மியைப் பற்றி முதலில் அறிந்தவர்கள் பூங்கா மருத்துவர்களே. அவ்வறிவே தென்னிந்தியக் காடுகளில் குட்டிகள் அதே நோயால் இறப்பதை இனங்காண உதவியது. நகரத்துக் குழந்தை யானையை நேரில் கண்டு வியப்பதும் சிறு பயனன்று.

ஆயினும், பூங்காவில் பிறந்த யானை பெரும்பாலும் மற்றொரு பூங்காவிற்கே செல்கிறது, காட்டிற்குத் திரும்புவதில்லை. எனவே அங்கே பெருகுவது காட்சிக்குரிய யானைகளின் எண்ணிக்கையே. காட்டு யானையின் எதிர்காலத்தை முடிவுசெய்வன வேறு: துண்டாடப்படாத காடு, அடைபடாத வலசைப்பாதை, மின்வேலியும் தொடர்வண்டியும் பறிக்காத உயிர். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் காடுகளில் 3,063 யானைகள் இருந்தன. அவற்றின் பாதைகளைக் காத்தால், இனத்தைப் பெருக்கும் பணியைப் பிடிகளும் களிறுகளும் தாமே பார்த்துக்கொள்ளும். குழவி என்று பெயரிட்ட மொழிக்கு உரியோர், அக்குழவி பிறக்க வேண்டிய இடத்தை விட்டுவைத்தலே அப்பெயருக்குச் செய்யும் மரியாதை.

தெரிந்து தெளிவோம்

• யானையின் கருக்காலம் ஏறத்தாழ 22 மாதங்கள். பிறந்த குட்டியின் எடை சுமார் 100 கிலோகிராம்.
• இந்தியா யானைத் திட்டத்தை 1992இல் தொடங்கியது. 2010இல் யானையைத் தேசிய மரபு விலங்காக அறிவித்தது.

கற்பவை கற்றபின்…

1. ‘விலங்கியல் பூங்காவில் யானை தேவையா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
2. யானையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களைத் திரட்டி, அவற்றின் பொருளை எழுதுக.